தடம் பார்த்தவன்

அரபு நாட்டு வாதி ரம் பாலைவனத்தில் மஸீதுக்கு ஒரு காலடித் தடத்தைக் காட்டினால் போதும், ஆளின் பேரைச் சொல்லிவிடுவான். பயணிகளை மணலில் நடத்திக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கவைப்பது தொழில். தடம் பார்ப்பதோ அவனுடைய கர்வம். கர்வம் கொஞ்சம் கூடுதல்தான்.

அன்று விடிந்தபோது ஜெர்மன்காரர் யோஹானின் படுக்கை காலியாக இருந்தது. தண்ணீர்க் குடுவை தலைமாட்டிலேயே கிடந்தது. இந்தக் கோடையில் தண்ணீர் இல்லாமல் அந்த மனிதர் மதியத்தைத் தாண்டமாட்டார்.

கூடாரத்திலிருந்து இரண்டு தடங்கள் போயின. மேற்கே பாறைக் குன்றுப் பக்கம் டயர் செருப்பு. அது சித்தப்பா மகன் சுவைலமுடையது. மேயப்போன ஒட்டகங்களை ஓட்டிவரப் போயிருப்பான். கிழக்கே யோஹானின் பூட்ஸ். மஸீத் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடினான். வலது கால் லேசாக இழுபட்டிருந்தது. நேற்றைய நடையில் மனிதர் களைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

வெயில் ஏறிய பிறகு, ஒரு மணல்மேட்டுக்கு அப்பால் ஒட்டகங்கள் தெரிந்தன. முன்னால் சுவைலம் வலது காலை இழுத்து இழுத்து வந்தான், எப்போதும்போல. காலில் பூட்ஸ்.

"எப்பிடிண்ணே இருக்கு? கல்யாண மாப்பிள மாதிரி இல்ல?"

"டேய்... இது ஏதுடா?"

"நேத்து நீ தூங்கின பெறகு அவருதான் குடுத்தாரு. என் பிஞ்ச செருப்ப ஞாபகத்துக்கு வச்சுக்கிறேன்னு வாங்கிக்கிட்டாரு. பைத்தியக்கார மனுசன்!"

இந்த இழுத்த காலைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் மஸீத். அதையா களைப்பு என்று படித்தான்?

"அவர் குன்றுப் பக்கம் போயிருக்காருடா! ஒட்டகத்தக் குடு!"

செருப்புத் தடம் குன்றின் அடியில் முடிந்தது. மேலே, பாறை இடுக்கில், யோஹான் கிடந்தார். கணுக்கால் வீங்கி, உதடு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. மஸீத் அவர் தலையை மடியில் தாங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான்.

"சூரிய உதயம் பாக்க ஏறினேன். செருப்பு வழுக்கிருச்சு," என்றார் அவர், தட்டுத்தடுமாறிய அரபியில். "இங்கேருந்து உங்களப் பாத்தேன். காத்து எதிர்ல, கத்தினது கேக்கல. சட்டையக் கழட்டி வீசினேன். ரொம்ப நேரம் வீசினேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நீங்க தரையவே பாத்துக்கிட்டுப் போனீங்க."

மஸீத் கிழக்கே திரும்பிப் பார்த்தான். காலையில் அவன் ஓடிய தடம் மணலில் நெடுந்தூரத்துக்குத் தெரிந்தது.