நீல டேப்புக்குள் நிற்கும் அக்கா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு துணிக்கடையின் ட்ரையல் ரூம். பெரிய எழுத்தாளர்கள் உள்மனக் குரல், கற்பனை ஊற்று என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு முதுகில் ஜிப் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான். இந்த வயதில் முதுகுப்பக்கம் ஜிப் வைத்த கவுன் எதற்கு என்று கேட்காதீர்கள். மருமகள் கேட்டாகிவிட்டது.

ஜிப் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் ப்ளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அன்றைக்கு அந்தக் காது நான்தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

மூன்று தலைமுறை கண்ட அந்தக் கடையின் கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில், தேக்குப் படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு

ஒரு என்ன? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

கடை என்பது வெறும் கட்டடம் அல்ல, அது

(வேறென்ன? கட்டடம்தான்.)

மருமகள் படித்துப் பார்த்தாள். "என்ன அத்தை, ஆளு குண்டா ஒல்லியா, கடை பெருசா சின்னதா, ஒண்ணுமே இல்ல. மிச்சமெல்லாம் வெறும் பேச்சு. ரேடியோ நாடகமா?"

"நான் பார்க்கலையேம்மா. கேட்டேன்."

"கதைதானே, பார்த்த மாதிரி விடுங்க."

விடலாம். ஆனால் எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். கண்ணைத் திறந்தால் ஓடிவிடும். ஆகவே மூன்றாம் முயற்சி, பேச்சிலிருந்தே.

3

"அதை மிதிக்காதே அக்கா. அது சுவர்."

"எதுடி சுவர்?"

"அந்த நீல டேப்பு. சுத்திப் போ."

"சுத்தித்தான் போறேன். கத்தாதே."

(விளக்கம் இல்லாவிட்டால் மருமகள் மறுபடி வருவாள். அந்தப் பழைய கடையின் உட்புறத்தை முழுக்க மாற்றி அமைக்கப் போகிறார்கள். மாற்றப்போவது தங்கை, அதுதான் அவள் தொழில். வரப்போகும் சுவரையெல்லாம் முதலில் தரையில் டேப்பாக ஒட்டி, நிஜ அளவிலேயே நடந்து பார்க்கச் சொல்வாளாம். டேப் விட்டுப்போன இடைவெளி, வாசல். அக்கா, அப்பாவுக்குப் பிறகு கடையை நடத்துபவள். படிக்கட்டின் கீழ்ப்படியருகே நின்றபடியே நடத்துபவள்.)

"சரி, நான் எங்கே?"

"இதோ, இந்த ட்ரையல் ரூமை எடுத்துட்டு, முன்னாடி இருக்கற இடத்தையும் சேர்த்து உனக்குத் தனி ரூம். சோபா, ஏசி. காலை நீட்டி உட்காரு."

"வாசல்?"

"இந்தப் பக்கம்."

"அது சரக்கு லிஃப்ட் பக்கம்டி."

"முன்பக்கம் முழுக்க ஷோகேஸ் வருது அக்கா. நடுவுல கதவு வெச்சா அழகு போயிடும்."

"அப்போ நான் கடைக்குள்ள வரணும்னா?"

"ஏன் வரணும்? ரெண்டு முழங்காலும் போச்சு. நீ காய்ச்சல்னு படுத்தா இங்கே ஒருத்தருக்கும் கை ஓடல, கால் ஓடல. நீ இல்லாமலும் நடக்கற கடை வேணும்."

"அதைத்தான் சொல்றேன். நான் இல்லாத கடையை, நான் இருக்கும்போதே ஒட்டிட்டியே."

இந்த இடத்தில் ஒரு மௌனம். எனக்கு மௌனம் எழுத வராது. பேசாத ஆட்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

4

தங்கையை எப்படி எழுதுவது என்று ஒரு சந்தேகம். அவளை வில்லியாக்குவது சுலபம். ஒரு வரைவில் ஹை ஹீல்ஸ்கூட மாட்டிவிட்டேன். டக் டக்கென்று நன்றாகத்தான் நடந்தாள். ஆனால் "முழங்கால்" என்று சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியதைக் கேட்டவள் நான். ஹீல்ஸைக் கழற்றிவிட்டேன்.

அக்காவைத் தியாகச் சுடராக்கலாம் என்று பார்த்தால், அவளும் ஒத்துழைக்கவில்லை.

"நீ பொம்மை வீடு கட்டும்போதே இப்படித்தான். நாய்ப் பொம்மைக்குத் தனி ரூம். என் பொம்மை வாசல்ல கிடக்கும்."

"உன் பொம்மைக்குத் தலையே இல்லக்கா!"

நான் சிரித்துவிட்டேன்.

"உள்ள யாரு?"

5

கதவைத் திறந்தேன். இந்த வரியைப் படித்ததும், "அப்போ பார்த்தீங்கல்ல?" என்று மருமகள் பாய்ந்தாள். எங்கே பார்த்தேன்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தேன். இரண்டு பேரும் உள்ளே நுழைந்து, என்னைத் திருப்பி நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

"இழுக்காதேடி, துணி கிழியும்."

"நீ பிடிச்சாத்தானே நான் இழுக்க முடியும்?"

"நான் எப்பவும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மூச்சை உள்ள இழுங்கம்மா." இது இருவரும் ஒரே குரலில்.

ஜிப் இறங்கியது. அக்கா வாசலில் நின்று கேட்டாள்: "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? நீங்களே சொல்லுங்க. என் ரூமுக்கு வாசல் எந்தப் பக்கம் இருக்கணும்?"

எத்தனையோ கதைகளுக்கு முடிவு எழுதியவள் நான். கவுன் நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது... உங்க குடும்ப விஷயம்" என்றேன்.

6

முடிவு, ஒன்று: தங்கை கண்கலங்கி அக்காவைக் கட்டிக்கொள்கிறாள். (மருமகள்: "சீரியல்.")

முடிவு, இரண்டு: அக்கா டேப்பையெல்லாம் உரித்து, உருட்டி, தூக்கி எறிகிறாள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அத்தனை சண்டையிலும் அவள் அந்த டேப்பை மிதித்துவிட்டாள் என்று தங்கை ஒரு தடவைகூடக் கத்தவில்லை. தங்கச்சி சுவர் என்று சொல்லிவிட்டால் அவளுக்கும் அது சுவர்தான். அவளைப் போய் எப்படி உரிக்கச் சொல்வது?

முடிவு, மூன்று: பல ஆண்டுகளுக்குப் பின், புதுப்பொலிவுடன் அந்தக் கடை

(வேண்டாம்.)

நடந்ததைச் சொல்கிறேன். உடை மாற்றும்போது வெளியே கிர்ரென்று டேப் இழுபடும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தேன். தங்கை தரையில் மண்டியிட்டிருந்தாள். லிஃப்ட் பக்க வாசலை டேப் ஒட்டி அடைத்துவிட்டிருந்தாள். அடைத்த வேகத்தில், அக்கா உள்ளே நிற்பதை மறந்துவிட்டிருந்தாள். ட்ரையல் ரூமும் அந்த அறைக்குள்தானே வருகிறது? ஆக, நானும் உள்ளே. நாலு பக்கமும் சுவர்.

"வாசல் வைடி. கஸ்டமர் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க."

தங்கையின் விரல் முன்பக்க டேப் வரை போனது. ஷோகேஸ் வரப்போகும் பக்கம். நிமிர்ந்து அக்காவின் காலைப் பார்த்தாள். விரல் லிஃப்ட் பக்கம் திரும்பியது. மறுபடி முன்பக்கம் வந்தது. அங்கேயே நிற்கிறது.

நான் அவள் தலைக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்தேன். கைப்பிடி முழுக்க வார்னிஷ் பளபளத்தது. கீழ் முனையில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தேய்ந்து, மரம் வெளுத்திருந்தது. (முதல் முயற்சியை இதை வைத்து முடித்துக்கொள்ளலாம். இப்போது அதற்கு நேரமில்லை.)

"வெறும் டேப்புதானே அத்தை, தாண்டி வர வேண்டியதுதானே?" என்கிறாள் மருமகள். அக்கா தாண்டாமல் நிற்கிறாள். நான் எப்படித் தாண்டுவது?

என்னிடம் கேட்டார்கள், நான் நழுவிவிட்டேன். இனி உங்களிடம்தான் கேட்க முடியும். டேப்பின் நுனி நகத்துக்குச் சிக்கினால் போதும், சர்ரென்று வந்துவிடும். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அக்காவுக்கு முழங்கால் வலிக்கும்.