டாக்டரம்மாவின் அம்புக்குறி

வேலையில் இருந்தவரை ஆபீசில் அவரை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வைத்தியம் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும்தான். பெரிய அதிகாரி பாஸ்வேர்டை மறந்தாலும் இவர் முன்னால் வந்துதான் தலையைச் சொறிய வேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனுஷி, ஓய்வுபெற்ற பிறகு, வெளியூரில் இருக்கும் மகனிடம், "கண்ணா, எழுத்தெல்லாம் பூதம் மாதிரி பெருசா வருதுடா, எனக்கு ஒரு எழவும் புரியல" என்று கூசாமல் புளுகினார் என்றால் நம்புவீர்களா? புளுகினார். வாராவாரம் புளுகினார்.

காரணம் இருக்கிறது. கணவர் போய் நாலு வருஷம். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஈ காக்காய் கிடையாது. மகன் போன் செய்தால் மூன்று நிமிஷம் தாண்டாது. ஒருமுறை நிஜமாகவே ஏதோ கெட்டுப்போக, இவர் கைவைப்பதற்குள் அவன் அங்கிருந்தபடியே இன்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரிசெய்தான். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அங்கே அவன் கை அசைய, இங்கே அது அசைந்தது. டாக்டரம்மா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். பிள்ளையே வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேச்சோடு பேச்சாக அவனுடைய முதுகுவலி, பேத்தியின் பரீட்சை எல்லாம் வந்தது. முழுசாக ஒரு மணி நேரம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலமானால் எதையாவது கெடுத்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை அம்புக்குறி வந்துவிடும்.

அவனும்தான் எத்தனை நாள் பொறுப்பான்? ஒருநாள் புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. "இனிமே உங்களுக்கு எதுவுமே தெரிய வேண்டாம்மா. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும். நிம்மதியா இருங்க" என்றான். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை டாக்டரம்மா தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். எதை மாற்றினாலும், அணைத்துப் போட்டால் மகன் வைத்தபடியே வந்து நின்றது. முப்பது வருஷம் சரிசெய்து பிழைத்தவருக்கு ஒன்றைக் கெடுக்க வழி தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

இரண்டு ஞாயிறு போன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு மனசு கேட்காமல் அவரே கூப்பிட்டார்.

"என்னம்மா, என்ன கெட்டுப்போச்சு?"

"ஒண்ணும் கெடலடா. நல்லாத்தான் ஓடுது."

பழக்கதோஷத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தார். அம்புக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அப்புறம் எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்றான் மகன். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.