பிறவுணியின் சட்டி

பிறவுணி சோற்றை மணந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்ரோனெற் அதன் முன்னால் குந்தியிருந்தாள். தவக்காலம் என்று அவள் ஒருநேரம்தான் சாப்பிடுகிறாள். ஆனாலும் நாய்க்கென்று சூடை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்திருந்தாள்.

"உனக்கு என்னதான் வேணும்?"

நாய் மெல்லப் படுத்தது. அதற்கு வயதாகிவிட்டது. முன்னங்கால் மூட்டுகள் வீங்கியிருந்தன. காலையில் எழும்பவே கஷ்டப்பட்டது. அது அவளுக்கு விளங்கியது. சாப்பாட்டை ஏன் வெறுக்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

மத்தியானம் நாய் எழும்பி, பனையோலை வேலியில் ஓட்டையாக இருந்த பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு வளவுக்குப் போனது. அன்ரோனெற் ஓலை நீக்கலில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரி உம்மு ஸல்மா ஏதோ கொண்டுவந்து கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனாள். கிணற்றுக்கட்டு மறைத்ததால் நாயின் பின்பக்கம்தான் தெரிந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டியை வழித்து நக்கும் சத்தமும் கேட்டது.

பொறாமைக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒரு நாயின் வால் போதும்.

"பாத்தீங்களோ?" என்றாள் புருஷனிடம். அம்புறோஸ் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். "வள்ளத்துக்குக் கீழ கிடந்த குட்டியைத் துணியில பால் நனைச்சுக் குடுத்து வளத்தது நான். அது அங்க போய் வழிச்சு நக்குது."

"சல்மாவின்ர கைப்பதம் அப்பிடி. பின்னேரத்தில அவ அனுப்புற நோன்புக் கஞ்சியைக் குடிக்கிற எனக்குத் தெரியாதே? நாயிலயும் பிழையில்லை."

"அப்ப நீங்களும் பொட்டுக்குள்ளால போங்கோவன்."

"வயிறு கொள்ளாது."

அன்று பின்னேரமே அவள் பனங்கருக்குமட்டை வைத்துப் பொட்டை அடைத்து இறுக்கிக் கட்டினாள்.

அடுத்த நாள் நாய் வேலியடியில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு படலையால் வெளியே போய், கொதிக்கிற மணலில் நொண்டி நொண்டி, ஒழுங்கையைச் சுற்றி அந்த வளவுக்கே போனது. அன்ரோனெற்றுக்கு நெஞ்சு எரிந்தது. வேலிக்கு மேலால் கூப்பிட்டாள்.

"சல்மா, எங்கட நாய்க்கு இனிச் சாப்பாடு வைக்காதேங்கோ. அது வீட்டுச் சோத்தை மறந்து போச்சு."

உம்மு ஸல்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். "அது வந்து நிண்டு முகத்தைப் பாக்கும் அக்கா. நோன்போட நிக்கேக்க பசியெண்டா என்னெண்டு தெரியுதுதானே. அதுதான் வைச்சனான்." கிணற்றடியை ஒருமுறை பார்த்தாள். "உங்களுக்கு விருப்பமில்லாட்டி விடுறன்."

அவள் சொன்னபடி விட்டாள். ஆனால் வழக்கமாக அவள் வீட்டிலிருந்து வரும் நோன்புக் கஞ்சி அன்றும் வந்தது. "எங்களுக்குத் தவக்காலம்" என்று அன்ரோனெற் அதைத் திருப்பி அனுப்பினாள்.

"தவக்காலத்தில கஞ்சி குடிக்கக்கூடாதெண்டு எந்தச் சுவாமி சொன்னவர்?" என்று அம்புறோஸ் கேட்டான். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்போது நாய்க்கு ஒரே வீடுதான். அங்கும் அது சாப்பிடவில்லை. முட்டை பொரித்து வைத்தாள், இறைச்சி அவித்த தண்ணீர் வைத்தாள். மணந்து பார்க்கும், முன்னங்கால்கள் நடுங்கும், திரும்பிவிடும். விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. ஓட்டோவில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டுபோனார்கள்.

மிருக வைத்தியர் மூட்டுகளை அமுக்கிப் பார்த்தார். "மூட்டு வீக்கம். நோவுக்கு மருந்து தாறன். ஆனா வெறும் வயித்தில குடுக்காதேங்கோ, குடலைப் புண்ணாக்கும். முதல்ல நாலு வாய் எண்டாலும் சாப்பிடப் பண்ணுங்கோ."

மருந்து கையில் இருந்தது, கொடுக்க வழியில்லை. அது சாப்பிடக்கூடிய இடம் ஒன்றுதான். அங்கே போகும் பொட்டை அவளே அடைத்துக் கட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவைப்பாதைச் செபத்தில், சிலுவை சுமந்துபோன ஆண்டவருடைய முகத்தை வெரோனிக்காள் துணியால் துடைத்த இடம் வந்தபோது, எல்லோரோடும் அவளும் முழந்தாளிட்டாள். அந்தப் பெண் எந்த வீட்டுக்காரி என்று ஆண்டவர் கேட்கவில்லை. கொடுத்த துணியில் முகத்தை வைத்தார். அன்ரோனெற்றுக்கு அடுத்த செபம் வாயில் வரவில்லை.

மறுநாள் சோற்றைக் கோப்பையில் எடுத்துக்கொண்டு, நாயைத் தூக்கியும் நடத்தியும் ஒழுங்கையைச் சுற்றிப் போனாள்.

"சல்மா, நீங்கள் அதுக்கு என்ன போட்டுக் குடுக்கிறனீங்கள்? எனக்கும் சொல்லித் தாங்கோ. மருந்து குடுக்க வேணும், ஒண்டும் தின்னுதில்லை."

உம்மு ஸல்மா முழித்தாள். "என்னத்தப் போடுறது அக்கா? இரவு மிஞ்சின சோறு, கொஞ்சம் மீன் ஆணம். நோன்பெல்லோ, உப்புக்கூடப் பாக்கிறேல்ல."

அன்ரோனெற்றின் கோப்பையை வாங்கிக் கிணற்றடிக்குப் போனாள். கிணற்றுக்கட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த சீமெந்துக் கற்களின் உச்சியில் மண்சட்டி இருந்தது. அதற்குள் சோற்றைக் கொட்டினாள்.

"ஏன் சட்டி இவ்வளவு உயரத்தில?"

"நாய் வாய் வைக்கிற சட்டி எங்கட ஏனங்களோட சேரக்கூடாது. நிலத்தில கிடந்தா பிள்ளையள் தூக்கிக்கொண்டு வந்து குசினியில வைச்சிருங்கள். அதுதான் கல்லுக்கு மேல."

பிறவுணி கல்லடிக்குப் போய் நின்றது. சட்டி அதன் நெஞ்சளவில் இருந்தது. கழுத்தைத் தாழ்த்தவில்லை, முன்னங்கால்களை மடக்கவில்லை. நின்ற நிலையில் சாப்பிட்டது. வால் ஆடத் தொடங்கியது.

அன்ரோனெற் அந்தக் கால்களையே பார்த்தாள். வீட்டில் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தின், தின் என்று சொன்னவள் அவள். குனிந்தால் நொந்திருக்கிறது. அது திரும்பியது நோவிலே. அவள் அதை வெறுப்பென்று எடுத்தாள்.

"என்ர சோறுதான் தின்னுது" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கொஞ்சம் இருக்கோ அக்கா?"

அன்று மருந்து உள்ளே போனது. அம்புறோஸ் மீன்பெட்டியொன்றைக் கவிழ்த்து அதன்மேல் கோப்பையை வைத்துக் கொடுத்தான். அடுத்த நாள்களில் பிறவுணி வீட்டிலும் சாப்பிட்டது. ஆனாலும் மத்தியானமானால் வேலியடியில் போய் நின்று, கட்டிய மட்டையை மணந்து பார்த்தது.

அன்ரோனெற்றுக்கு உள்ளே ஏதோ ஒன்று மறுபடியும் குத்தியது. குத்தட்டும் என்று கத்தியை எடுத்துப் போய்க் கட்டிய கயிற்றை அறுத்தாள். மட்டையைப் பிடுங்கினாள். நாய் குனியாமல் போகவேண்டும் என்று மேலே இரண்டு ஓலையையும் வெட்டிவிட்டாள்.

பிறவுணி தலை நிமிர்ந்தபடி அந்தப் பக்கம் போனது.

அம்புறோஸ் வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "இப்ப நானும் போகலாம் போல கிடக்கு."

"போங்கோ" என்றாள் அவள். "போகேக்க கஞ்சிக்கு ஒரு சட்டியும் கொண்டு போங்கோ."