இரண்டு நாள் மாத்திரை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்காவின் உதட்டைத் தம்பி ஈரப்பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்கும் நர்ஸ் உள்ளே வந்தாள். அவன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னிக்குமாம்மா? விட்டுடுங்களேன்."

"நீ சும்மா இருடா. ஆராய்ச்சிக்குக் கையெழுத்துப் போட்டவ நான்," என்றாள் அக்கா. பிறகு கையை நீட்டினாள். "முன்னாடி எடம் இருக்கு பாரு, அங்க குத்தும்மா."

இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஒரே அதட்டலில் கூட்டத்தை உள்ளே தள்ளியவளுக்கு இப்போது ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்து கேட்கத்தான் செய்தது. ஆனால் எதிர்ப்புச் சக்தி அடியோடு இறங்கியிருந்த வாரத்தில் ஒரு கிருமி ரத்தத்தில் புகுந்துகொண்டது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அது மசியவில்லை. இந்த மாதிரி நோயாளிகளுக்கு மருந்துக்கு அடங்காத கிருமி ஏன் வருகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

நர்ஸ் ரத்தம் எடுத்துவிட்டுத் தாளைப் பிரித்தாள்.

"போன அஞ்சு வருஷத்துல ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கீங்களா? யார் குடுத்தாங்க?"

தம்பியின் கை பஞ்சோடு நின்றது.

அவன் வைத்திருப்பது மருந்துக்கடை. சளியோ காய்ச்சலோ, டியூட்டி முடிந்து அக்கா கடை வாசலில் வந்து நிற்பாள். "காலைல நான் வண்டியில ஏறணும்டா. சட்டுனு கேக்குற மாதிரி ஏதாவது குடு." ஆன்டிபயாடிக் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பான். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிடும். "டாக்டர் எதுக்கு, என் தம்பி இருக்கான்" என்று டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

"அப்படி எதுவும் சாப்பிடலம்மா," என்றாள் அக்கா.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள். அக்கா அவனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"வெயில் ஏறிடுச்சு. போடா, போய் ஏதாவது தின்னுட்டு வா."

அவன் கேன்டீனில் டீயை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்திருந்தார்கள். டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். உயிர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்றார்.

காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டான். அத்தானுக்குப் போன் செய்தான். உடலை எடுத்துப்போக வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், கோடியில் இருந்த ஆராய்ச்சி அறைக்குப் போனான். சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

"கேள்விப்பட்டேன்ணே. காலைலகூட என்கிட்ட..."

"அவ சொன்னது பொய்ம்மா. நான்தான் குடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லாம. வருஷத்துக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. ஒருதடவயும் அஞ்சு நாளைக்கு முழுசா குடுக்கல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அதனாலதானா?"

"ஒரு ஆள வச்சு அத சொல்ல முடியாதுண்ணே. முந்நூறு பேரோடத சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தாலாவது தேவலை போலிருந்தது அவனுக்கு.

"அப்போ சரியா எழுதிக்கோங்க. அந்த முந்நூறு பேர்ல எங்கக்கா பேர்ல தப்பா ஒண்ணு இருக்க வேணாம்."

நர்ஸ் தாளை எடுத்தாள். காலையில் எழுதியதன் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள்.

"மாத்திரை பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"எல்லாமே."

அப்போதுதான் உட்கார்ந்தான். பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதம், எத்தனை மாத்திரை என்று கடைக்காரனின் நிதானத்தோடு சொல்லிக்கொண்டே போனான். மூன்றாவது வருஷத்துக்கு வருவதற்குள் தாளிலிருந்த கட்டங்கள் தீர்ந்துவிட்டன. நர்ஸ் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி, அதன் விளிம்பை வைத்துப் புதுக் கட்டங்களுக்குக் கோடு போட ஆரம்பித்தாள். அவள் போட்டு முடிக்கும்வரை அவன் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.