சரி, அடுத்தது

சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஜெர்மன் மொழி பி2 தேர்வில் தேறினால் ஜெர்மனியில் வேலை. முதலில் தனியாகத்தான் போக வேண்டும். தேர்வு அடுத்த வாரம்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர்கள் வயலுக்கு அன்று காலை தண்ணீர் முறை. மடையைத் திறந்துவிட்டு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கணவன் புகழேந்தி கேள்வி கேட்டான். விடை அட்டை அவன் கையில். தினமும் இப்படித்தான்.

பெயரோடு 'இக்' சேர்த்துப் பெயரடை ஆக்குவது அவளுக்குச் சுலபம். டுர்ஸ்ட் தாகம், டுர்ஸ்டிக் தாகமான. விகுதிதான் படுத்தியது. தமிழில் 'வயதான' எங்கே வைத்தாலும் மாறாது. ஜெர்மனில் பின்னால் வரும் பெயரின் பால், வேற்றுமை, முன்னால் நிற்கும் சொல் எல்லாம் பார்த்து அடையின் வால் மாறும்.

"வயசான ஆளோட?"

"மிட் டெம் ஆல்டே மன்."

"சரி. அடுத்தது."

"ஆல்டன்னு வரணும். வேணும்னேதான் தப்பா சொன்னேன்."

அவன் தண்ணீரைப் பார்த்தான். முந்தின நாள் ஜெர்மன் வகுப்பில் அஃப்ரீன் டீச்சர், "தப்பையே மனப்பாடம் பண்ணியிருக்கீங்களே, வீட்ல யாருங்க திருத்துறது?" என்று சிரித்திருந்தாள்.

"தெரிஞ்சேதான் சரின்னீங்களா?"

"எப்பவும் இல்ல. நடுவுல நடுவுல."

"நான் பெயிலாவணும்னா?"

"இன்னொரு தடவ எழுதுவேல்ல. அதுவரைக்கும் இங்கதான இருப்ப."

கோபம் வந்தது. கூடவே, அவன் எதுவும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது தனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதும் உறைத்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அதற்குப் பயந்துதான் அவள் கேட்கவில்லை.

"போவ வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"சொன்னா இருந்துடுவியா?"

"மாட்டேன். ஆனா சொல்லுங்க."

"நல்லா இருக்கே கதை." அவன் சிரிக்க முயன்றான். பிறகு, "போவாத புள்ள" என்றான்.

கேட்டுக்கொண்டதாக அவள் தலையசைத்தாள். அவன் எழுந்துபோய் மடையில் சேறு வைத்து அடைத்தான். கை கழுவிவிட்டு வர நேரமாயிற்று. வந்து அட்டையை எடுத்தான்.

"சீக்கான பொம்பளையோட?"

"மிட் ஐனர் க்ராங்கர் ஃப்ராவ்." இது வேண்டுமென்றே சொன்னதல்ல.

புகழேந்தி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தப்பு," என்றான். "க்ராங்கன். திரும்பச் சொல்லு."