பூசைக்கு ஆகாத ரசம்

பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினை நாக்கில் வைத்ததுமே சிஸ்டர் வால்புர்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன சிஸ்டர், புளிக்குதா?" என்றான் கஸ்பர். மடத்துத் திராட்சைத் தோட்டத்தையும் நிலவறையையும் அவளோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிற கூலியாள்.

"புளிக்கலையே. அதான் பயமா இருக்கு."

போர் முடிந்த மறு வருஷம். மோசல் ஆற்றங்கரையில் கோடை என்று ஒன்று வரவே இல்லை. மழையிலேயே பூத்து, மழையிலேயே காய்த்து, பழுக்காமலே பறித்த திராட்சை. பிழிந்த அன்று சாற்றை ருசி பார்த்தவளுக்குப் பல் கூசியது. அது நொதித்து இவ்வளவு வீரியமாக வர வழியே இல்லை.

"நான் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ இதுல என்ன போட்டீங்க, கஸ்பர்?"

"சக்கரை. விஷமா போட்டேன்? ஊர்ல எந்த வீட்டுப் பீப்பாய்ல போடல?"

"ஊர் ஒயின் சாப்பாட்டு மேசைக்குப் போகுது. இது பீடத்துக்குப் போறது. திராட்சையைத் தவிர எதுவும் கலக்கலைன்னு நாளைக்கு நான் சுவிசேஷத்து மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணணும்."

"பண்ணிட்டுப் போங்க. சக்கரை உள்ளேயிருந்து 'இங்க இருக்கேன்'னு கூவவா போகுது?"

"ரேஷன் காலத்துல இவ்வளவு சக்கரை ஏது?"

"வீட்டு அட்டைக்கு வந்ததுதான். என் பொண்டாட்டி அப்லோனியா இன்னும் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. புள்ளைங்க வெறும் கஞ்சியைக் குடிச்சுட்டு மொறைக்குதுங்க."

அவள் பீப்பாயின் அடைப்பை அழுத்தி மூடினாள். மற்றப் பீப்பாய்களைப் படைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மிஞ்சியது இது ஒன்றுதான். இந்த வருஷம் பூசைக்கு ரசம் தராவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிட்டு உருளைக்கிழங்கு போடுவது என்று மடத்துத் தலைவி மதர் முடிவெடுத்திருந்தார். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளை அங்கித் துறவிகள் கல்லைச் சுமந்து அடுக்கடுக்காகக் கட்டிய சரிவு அது.

மறுநாள் ரசத்தைச் சோதித்துச் சத்தியம் வாங்க ஆயரகத்திலிருந்து பாதர் லம்பெர்ட் வந்தார். ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார்.

"போன இடமெல்லாம் காடிதான் குடுத்தாங்க. நீங்க என்ன மந்திரம் போட்டீங்க, சிஸ்டர்? சரி, கையை வைங்க."

புத்தகம் திறந்திருந்தது. மதர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. கதவோரம் கஸ்பர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். இடிந்த கோயில்களில் இதைக் கிண்ணத்தில் ஊற்றி உயர்த்தப்போகிற சாமியார்களை நினைத்தாள் வால்புர்கா. கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"முடியாது பாதர். இதுல சக்கரை இருக்கு."

"யார் கலந்தது?"

"நிலவறைச் சாவி என்கிட்டதான் இருக்கு."

"வால்புர்கா!" என்றார் மதர்.

பாதர் புத்தகத்தை மூடினார். "வேற யாராவதுன்னா ஒரு வருஷத் தடையோட மன்னிச்சு விட்டிருப்போம். சத்தியம் பண்ற கையே கலந்துச்சுன்னா இந்த மடத்தை இனி எப்படிம்மா நம்பறது?"

பனி உருகியதும் கொடிகளைப் பிடுங்கச் சொல்லிக் கஸ்பரிடம் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். வால்புர்காவும் மேலேறிப் போனாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை. அதை முழுங்கியிருக்கக் கூடாதா?"

"முழுங்கத்தான் பாத்தேன். எறங்கலை."

"அப்போ என் பேரையாவது சொல்லியிருக்கணும். என்னைத் துரத்திட்டுத் தோட்டத்தை விட்டிருப்பாங்க."

"உங்க புள்ளைங்க..."

"அதுங்க இப்ப மட்டும் என்ன சாப்பிடுதுங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?"

கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

கஸ்பர் ஓங்கி வெட்டினான். கல்லில் பட்டுப் பொறி பறந்தது. கொடி அசைந்ததே தவிர வரவில்லை.

"வேர் பாறைக்குள்ள எறங்கியிருக்கு. நிக்காதீங்க, வந்து பிடிங்க."

அவள் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து பிடித்தாள். இரண்டு பேருமாக இழுத்தார்கள்.