சொல்லாமல் போனவர்கள்

சாயங்காலச் சங்கு ஊதியதும் ஆலைத் தொழிலாளர்கள் மானேஜர் அறை வாசலுக்கு வந்து, "போயிட்டு வாரோம் ஐயா" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பேட்டையில் அந்தப் பருத்தி அரவை ஆலை தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம். அன்றைக்கு எஞ்சின்காரன் மாடக்கண்ணு வந்தான். மானேஜர் வேதமுத்துவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பிப் போய்விட்டான். பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே செய்தார்கள்.

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. அது 1908-ஆம் வருஷம். தூத்துக்குடி ஆலைக்காரர்கள் வேலையை நிறுத்திய பேச்சு இன்னும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. 'ஓகோ, இங்கனயும் ஆரம்பிச்சிட்டானுவளா! முதல்ல வந்தவன் மாடக்கண்ணு. அப்போ அவன்தான் தூண்டிவிடுதான். நாளைக்கே அவனை வெளிய அனுப்பிரணும்.' மாடக்கண்ணு வீட்டுப் பிள்ளைகள் கஞ்சிக்கு எங்கே போகும்? கோபத்துக்கு அதெல்லாம் கண்ணில் படுமா என்ன!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முந்தாநாள்தான் சொந்த ஊரான மெஞ்ஞானபுரத்தில் அம்மையை அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தார். ஆலையில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மானேஜர் கண்ணைக் கசக்கினால் மரியாதை போய்விடுமாம். அழுகையை அடக்கிக்கொண்டு, எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் வள்ளென்று விழுந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், மாடக்கண்ணு எல்லோருக்கும் முன்னால் வந்து எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறான்! வேதமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையை நிறுத்த நினைப்பவன் இப்படி எண்ணெய் விடுவானா? நேற்று யார் முகத்திலாவது கோபம் இருந்ததா? யோசித்துப் பார்த்தால் இல்லையே. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

"ஏலே மாடக்கண்ணு, இங்கன வா. நேத்து ஏம்லே ஒருத்தரும் சொல்லாமப் போனிய?"

மாடக்கண்ணு திருதிருவென்று விழித்தான். "துட்டி கேக்க வந்துட்டு, போயிட்டு வாரேன்னு சொல்லலாமா ஐயா? ஒங்க அம்மை தவறிட்டாகன்னு, ஒங்கள ஊருக்குக் கூட்டிட்டுப் போன வண்டிக்கார பீர் முகம்மது சொன்னாரு. மெஞ்ஞானபுரம் வரைக்கும் வர எங்களுக்கு ஏது லீவு? அதான் இங்கனயே துட்டி கேட்டுட்டுப் போனோம்."

துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, வந்தவர்கள் சொல்லிக்கொண்டு விடைபெறக் கூடாது என்பது வேதமுத்துவுக்குத் தெரியாததா? அம்மையின் அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்களும் அப்படித்தானே எழுந்து போனார்கள்! அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை.

"ஒன்னை வேலைய விட்டு அனுப்பணும்னு இருந்தேன்லே."

"ஐயையோ! நாங்க என்ன ஐயா தப்பு செஞ்சோம்?"

"நீங்க ஒண்ணும் செய்யல. எனக்குத் துக்கம்லே. அதைக் கோவமாக்கி ஒந் தலையில இறக்கப் பாத்தேன். நாலு பேரு பொழப்பு கையில இருக்கவன், ஒரு முடிவு எடுக்கதுக்கு முந்தி தன் மனசுல கெடக்கது என்னன்னு பாக்கணும். அடுத்தவன்கிட்ட 'ஏன்'னு ஒரு வார்த்தை கேக்கணும். அந்த ஒரு வார்த்தைய நான் கேக்காம இருந்திருந்தா, துட்டி கேக்க வந்த ஒன் வீட்டுல இன்னைக்கு அடுப்பு எரிஞ்சிருக்காதுலே!"